ஒரு சாவி குறைகிறது

அந்த ஆபீஸில் சாவி என்றால் பூட்டுக்குப் போடுகிற சாவி இல்லை. முன்னொரு காலத்தில், கட்டடத்துக்கும் பாலத்துக்கும் கணக்குப் போடுகிற மென்பொருளை வாங்கினால் கூடவே விரல் நீளத்துக்கு ஒரு கட்டையும் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். யாரோ அதற்குச் சாவி என்று பேர் வைத்தார்கள். கட்டை ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது உள்ளறையில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. கம்பெனி ஆறு லைசென்ஸ் வாங்கியிருந்தது. ஆறு பேர் திறக்கும்வரை அது பேசாமல் இருக்கும், ஏழாவது ஆள் வந்தால் கையை விரித்துவிடும். கட்டை போனாலும் பேர் போகவில்லை. லைசென்ஸ் என்று அந்த ஹாலில் யாரும் சொல்வதில்லை, சாவி என்றுதான் சொல்வார்கள்.

சாவி ஆறு, அதற்குக் காத்திருக்கும் தலைகள் இருபதுக்கு மேல். காலையில் அந்த ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது "யாராவது ஒரு சாவி விடுங்கப்பா" என்கிற குரல்தான். குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் ஒருவர் குனிந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார், குடைத் தண்ணீர் பக்கத்துக்காரரின் வரைபடத்தில் சொட்டும். சாப்பாட்டு நேரம்தான் பொன்னான நேரம். ஒருவர் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அவர் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பார்க்க இல்லை, மென்பொருளை மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாரா என்று பார்க்க. "மூடிட்டேன், மூடிட்டேன்" என்று வாய் நிறையச் சோற்றோடு சொல்கிறவர்களில் பாதிப் பேர் மூடியிருக்க மாட்டார்கள். வேலை இல்லாவிட்டாலும் திறந்து வைத்து, ஒரு வெற்றுப் பக்கத்தைக் காவலுக்குப் போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போவார்கள். இதற்கு அங்கே துண்டு போடுவது என்று பெயர்.

எல்லோரும்தான் துண்டு போட்டார்கள். ஆனால் பெயர் ஒருவருக்கு மட்டும்தான் ஒட்டியது. துண்டு சார் என்று அவரை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஹாலில் மூத்த டிசைனர் அவர்தான். எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒரு சாவியைப் பிடித்து, நாற்காலியை இழுத்துத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, பேனாவைக்கூடத் துடைத்து, அதற்கப்புறம் அன்றைக்கு என்ன வேலை என்று யோசிப்பார். அந்தச் சாவி சாயந்திரம்வரை அவரிடம்தான். கேட்டால், "எனக்கு வேலை இருக்கு" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரைப் பிடிக்காமல் போவதற்கு இவ்வளவு போதும்.

என்னைக் கேட்டால், ஆறு சாவி வாங்கிவிட்டு இருபது பேரை வேலைக்கு எடுத்த முதலாளியைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் ஆபீஸில் வருகிற கோபம் மாடிக்கு ஏறுவதே இல்லை, பக்கத்து மேஜையோடு நின்றுவிடும்.

நம்ம கதை பாலத்தக்கா வீட்டைப் பற்றியது. பாலம் டிசைன் செய்கிறவள் என்பதால் சின்னவர்கள் வைத்த பேர் அது, பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது தொடுகிற வயது. வேகமான கை, அதைவிட வேகமான வாய். அவள் கணவரும் அதே கம்பெனிதான். ஹாலில் உட்காராமல் வேலை நடக்கிற இடங்களுக்குப் போய் அளந்து, பார்த்து, சண்டை போட்டு வருகிறவர். சைட்டுக்காரர் என்பார்கள். பூட்ஸில் எப்போதும் சேறு இருக்கும். ஆனால் வீட்டுக்குள் அவரைப் போலச் சுத்தக்காரர் கிடையாது. சட்டைகளை நிறவாரியாக மாட்டி வைப்பார், டப்பாக்களை உயரவாரியாக அடுக்குவார். ஒரு சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. கீழிருந்து சூடான துணி வாசம் படியேறி வரும். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள்.

அந்த மழைக்காலத்தில் பாலத்தக்காவின் மேஜையில் ஒரு நடைபாலம் இருந்தது. ரயில் பாதைக்கு மேலே, இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியையும் அந்தப் பக்கத்து பஸ் நிறுத்தத்தையும் சேர்க்கிற பாலம். முதல்முறையாக முழுப் பொறுப்பும் அவளுடையது. கூட்டமாக ஜனங்கள் நடந்தால் பாலம் ஆடுமா, ஆடினால் எவ்வளவு ஆடும் என்று பார்க்கிற கணக்கு மட்டும் பாக்கி. அது மணிக்கணக்காக ஓடுகிற கணக்கு. நடுவில் சாவி போனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இந்தச் சமயம் பார்த்துத்தான் ஹாலில் ஒரு சாவி குறைய ஆரம்பித்தது.

ஐந்து பேர் திறந்ததுமே உள்ளறை கையை விரித்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் எழுந்து எழுந்து எண்ணினார்கள். ஒவ்வொருவர் தோளுக்கு மேலேயும் எட்டிப் பார்த்து, "நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு, ஜன்னலோர அண்ணன் ஒண்ணு" என்று எண்ணினாலும் ஐந்துக்கு மேல் போகவில்லை. ஆறாவது யாரிடம்? மென்பொருளையும் சாவியையும் கவனிக்கிற சிஸ்டம்காரர் ஒருவர் உண்டு, சாவிக்காரர் என்று பெயர். அவரிடம் போய்க் கேட்டால், "எல்லாம் யூஸ்லதாங்க இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். யாரிடம் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் சொறிந்தார். கேட்டவர்கள் துண்டு சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு முறை பாலத்தக்காவின் கணக்கு பாதியில் அறுந்தது. தேநீர் எடுக்கப் போய்வருவதற்குள் சாவிக்காக யாரோ அவளுடையதை மூடிவிட்டிருந்தார்கள், திரை வெளுத்துப்போயிருந்தது. மூன்றாவது முறை அறுந்த அன்றைக்குத்தான் முதலாளி எல்லோரையும் நடுஹாலில் கூட்டி, பாலம் எப்போது முடியும் என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை, வெடித்தாள்.

"எப்ப முடியும்னு என்னைக் கேக்காதீங்க சார். ரெண்டு சாவிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவரைக் கேளுங்க. மேஜையில ஒண்ணு, மீட்டிங் ரூம் மெஷின்ல ஒண்ணு. நானே கண்ணால பாத்தேன். வேலையும் செய்யறதில்ல, செய்யறவங்களுக்கு விடறதும் இல்ல."

துண்டு சார் எழுந்தார். "நான் ஒண்ணுதான் எடுக்கறேன்" என்றார். மீட்டிங் ரூமில் திறந்தபோது இங்கே மூடிவிட்டுத்தான் போனதாகச் சொன்னார். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்பு வந்த பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். பேசத் தெரியாத மனிதர்.

முதலாளிக்கு அவசரம். அன்று மதியமே துண்டு சாரின் சாவி உரிமை ரத்தானது. அவரை டெண்டர் ரூமுக்கு மாற்றினார்கள். அது வராந்தாவின் கடைசியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், காகிதக் கட்டுகளுக்குப் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அறை. அவர் தன் பேனாக்களையும் கண்ணாடித் துணியையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் விட்ட சாவியைப் பாலத்தக்காவுக்குக் கொடுத்தார்கள். பாலத்தின் கணக்கு அதில் அறுபடாமல் ஓடி முடிந்தது. பாலம் அதிகம் ஆடவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் இதைக் கணவரிடம் நடித்தே காட்டினாள். முட்டைப் பொரியலைத் தட்டில் வைத்தபடி, துண்டு சார் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். "பாவம், பேச வராத மனுஷன்" என்று மட்டும் சொன்னார். "அவரு பாவம்னா அப்ப நான் யாரு?" என்று அவள் கேட்டதற்கு, "நீ பாலம்" என்றார். நல்ல மழை. கீழே சலவைக் கடையில் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாவிக்காரர் அவளைத் தண்ணீர்க் கேன் பக்கமாக ஒதுக்கி அழைத்தார். டம்ளரை நிரப்பினார், குடிக்கவில்லை.

"மேடம், அந்த ஆறாவது சாவி இன்னும் வரல."

"அவரைத்தான் எடுத்தாச்சே?"

"அவர்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. அந்த இன்னொண்ணு உங்க பேர்ல இருக்கு மேடம். இரவல் போயிருக்கு."

இரவல் என்பது சைட்டுக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. நெட் இல்லாத இடத்தில் உள்ளறையோடு பேச முடியாது. அதனால் புறப்படுமுன் ஒரு சாவியை லேப்டாப்பில் இரவலாக இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தேதிக்குள் திருப்புவாய் என்று கேட்கும், தேதி கொடுக்க வேண்டும். வேலை முன்பே முடிந்துவிட்டால் அதே லேப்டாப்பிலிருந்து திருப்பிவிடலாம். திருப்பாவிட்டால் அந்தத் தேதிவரை உள்ளறை பொறுமையாகக் காத்திருக்கும், வேறு யாருக்கும் கொடுக்காது.

தான் எதையும் இரவல் எடுக்கவில்லை என்று பாலத்தக்கா சொன்னாள். சாவிக்காரர் அது இரவல் போன நாளைச் சொன்னார். அவள் கேன் வைத்த மேஜையில் விரலால் கோடு கிழித்து யோசித்துப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவில் இருந்த நாள் அது.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல நீங்க? நேத்து அத்தனை பேர் முன்னாடி நான் பேசும்போது பக்கத்துலதான நின்னீங்க?"

சாவிக்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க தெரிஞ்சுதான் பேசறீங்கன்னு நினைச்சேன் மேடம்."

அவளை யாரும் அதுவரை அப்படி அடித்ததில்லை. அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நினைத்ததைச் சொன்னார். அவசரமான வேலை, முதலாளிக்கு வேண்டியவள், தனக்கென்று ஒன்றை ஒதுக்கிக்கொண்டு பழியை அந்தப் பக்கம் தள்ளுகிறாள் என்று ஒரு மனிதர் அவளைப் பற்றி நினைத்து, அதைப் பெரிய தப்பாகவும் எடுத்துக்கொள்ளாமல், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் முகம் எரிந்தது.

லீவில் இருந்த நாளில் அவள் பேரில் உள்ளே நுழைய, அவள் பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டும். அது உலகத்தில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

சாயந்திரம் கணவர் பூட்ஸைப் படியிலேயே கழற்றி, பழைய செய்தித்தாளின்மேல் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாலத்தக்கா அடுப்பில் சூப் வைத்திருந்தாள். அவர் கை கழுவும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப, என் பேர்ல சாவி இரவல் எடுத்தீங்களா?"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். முதலில் நினைவில்லை. அப்புறம் வந்தது.

"ஆமா. நீ வீட்ல இருந்தே வேலை பார்க்கலாமேன்னு எடுத்தேன். நம்ம பழைய லேப்டாப்ல. என் பேர்ல எடுத்தா உன் பைலு திறக்காது, அதான் உன் பேர்ல போட்டேன். சாயங்காலம் கொண்டாந்து குடுத்து அசத்தலாம்னு பாத்தா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, நீ நாளைக்கே ஆபீஸ் போறேன்னுட்ட. அத்தோட மறந்துட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அந்தச் சாவியா?"

"அந்தச் சாவிதான். லேப்டாப்ப எடுங்க, இப்பவே திருப்பிடலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. அந்த லேப்டாப் போன வாரம் அவருடைய தங்கைக்குப் போய்விட்டது. தங்கை புதிதாகப் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று, வெளியே ஈரத்துணியால் துடைத்ததோடு நிற்காமல், உள்ளேயும் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்திருந்தார். சாவியும் அதோடு போய்விட்டது. அதைத் திருப்ப அந்த லேப்டாப்பாலும் முடியாது, உள்ளறையாலும் முடியாது. வேறொருவராக இருந்தால் அப்படியே கொடுத்திருப்பார். சுத்தக்காரர் என்பதால் வந்த வினை.

"என்ன தேதி குடுத்தீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னு தள்ளித்தான் குடுத்தேன். வர்ற திங்கக்கிழமை."

சூப் பொங்கியது. அவள் தீயைக் குறைத்தாள். அப்புறம் அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். திங்கட்கிழமை தேதி முடிந்ததும் சாவி தானாகவே உள்ளறைக்குத் திரும்பிவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாவிக்காரரும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. பாலமும் முடிந்துவிட்டது. நாலு நாள் பேசாமல் இருந்தால் போதும்.

"அவரு?"

"அவரைக் கொஞ்ச நாள் கழிச்சு முதலாளியே ஹாலுக்குக் கூட்டிக்குவாரு. ஆளு பத்தல இல்ல?"

"திங்கக்கிழமை ஆறு சாவி வந்ததும் ஹால்ல என்ன சொல்வாங்கன்னு நினைக்கறீங்க? பாத்தியா, அந்த ஆளைத் தூக்குனதும் சாவி வந்துருச்சுன்னுதான் சொல்வாங்க. அதுக்கப்புறம் யாரு அவரைக் கூட்டிக்குவா? அவரு சாகற வரைக்கும் ரெண்டு சாவி வச்சிருந்தவருதான்."

அவருக்கும் அது புரிந்தது. ஆனால் அவருக்கு வேறொரு பயம். அடுத்தவர் பேரில் உள்ளே நுழைவது அந்தக் கம்பெனியில் வேலை போகிற குற்றம். போன வருஷம் ஒரு வரைவாளர் அதற்காகத்தான் வீட்டுக்குப் போனார், அன்று இதே வீட்டில் உட்கார்ந்து அவருக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். அதை அவர் சொன்னார். பாஸ்வேர்ட் கொடுத்தவளும் மாட்டுவாள் என்பதையும் சொன்னார். இருவருக்கும் போனால் என்ன செய்வது என்று கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"உனக்கு உதவி பண்ணத்தான எடுத்தேன்" என்றார்.

"தெரியும்."

"திருடவா செஞ்சேன்?"

"இல்ல. திருடுனதுன்னு நான்தான் இன்னொருத்தரைச் சொன்னேன்."

மகள் வந்துவிட்டாள். மூன்று பேரும் ரொட்டியைச் சூப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள். மகள் மறுபடியும் அந்தத் தாத்தா மாதிரி கண்ணாடி துடைத்துக் காட்டச் சொன்னாள். பாலத்தக்கா, "வேணாம் கண்ணு, சாப்பிடு" என்றாள். அவர் சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களைக் கழுவி, கழுவிய பாத்திரங்களையே இன்னொரு தரம் கழுவினார். அவள் படுத்தபோதும் அவர் முன்னறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரத்துக்கு அவ்வளவு சட்டை தேவையில்லை.

அவள் விழித்தே கிடந்தாள். அவர்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை. எடுத்தது அவர். கண்ணால் பார்த்தேன் என்று சொன்ன வாய் அவளுடையது. பார்க்காததைப் பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை, பாதி பார்த்ததை முழுசாகச் சொன்னாள். அந்த மனிதர் மீட்டிங் ரூமில் திறந்ததைப் பார்த்தாள். இங்கே மூடினாரா என்று பார்க்கவில்லை.

காலையில் அவர் தேநீர்க் கோப்பையை அவள் முன்னால் வைத்தார்.

"போய்ச் சொல்லு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் பேரில் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். தான் வீட்டுக்கு எடுத்துப் போனதாகவும் லேப்டாப் கெட்டுப்போனதாகவும் சொன்னால் ஒருத்தியோடு போகும், அவர் தப்பிப்பார். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது அதுதான்.

"அதெல்லாம் வேணாம். என் பேரையும் சேத்துச் சொல்லு. நீ மட்டும் தலையில போட்டுக்கிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கூட உக்காந்து சாப்பிடறது?"

இருவரும் ஒரே குடையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவருடைய தோளில் பாதி நனைந்தது. வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்பதுபற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகளுக்கு மழைக்கோட்டு வாங்க வேண்டும், பழையது கை சுருங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

முதலாளி அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் பக்கத்தில் நின்றார். முதலாளி கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பேனா மூடியைக் கடித்தார். அவருக்குக் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. திங்கட்கிழமை சாவி வந்துவிடும் என்றால் எதற்கு இதைப் பெரிசாக்க வேண்டும் என்றார். டெண்டர் ரூமுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது, துண்டு சாரும் வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்துவிட்டார், அது அப்படியே இருக்கட்டுமே என்றார். இவர்கள் இருவரையும் எச்சரித்து விட்டுவிடுவதாகவும் சொன்னார். வாசல் திறந்துதான் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம்.

கணவர் அவளைப் பார்த்தார். அவள் எதைச் செய்யப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, மெல்லத் தலையாட்டினார்.

"சார், நான் அவரை ஹால்ல வச்சுச் சொன்னேன். ஹால்ல வச்சுத்தான் இல்லைன்னும் சொல்லணும்" என்றாள் அவள்.

"சொன்னா அப்புறம் நான் சும்மா விட முடியாதும்மா. எல்லாருக்கும் தெரிஞ்சா ரூல்படிதான் போகணும்."

"போங்க சார்."

முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்று சொன்னாள். ஆறாவது சாவி தன் பேரில்தான் இருக்கிறது, எடுத்தது தன் வீட்டுக்காரர், அவருக்குத் தன் பாஸ்வேர்டைக் கொடுத்தது தான், சார் எடுத்தது ஒன்றே ஒன்றுதான், ரெண்டு என்று தான் சொன்னது பொய். நாலு பேர் முன்னால் கத்துவதைவிட இது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோர அண்ணன் எதற்கென்றே தெரியாமல் தன் மென்பொருளை மூடினார். சாவிக்காரர் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

முதலாளி மதியத்துக்குள் முடிவைச் சொன்னார். வேலை போகவில்லை. தாங்களாகவே வந்து சொன்னதால் அந்த அளவுக்குப் போகவில்லை என்றார், ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருக்கலாம். பாலத்தின் வரைபடங்களில் பொறுப்பாளர் என்று அவள் பேர் வராது, இன்னொருவர் பேர் வரும். சைட்டுக்காரரை சைட்டிலிருந்து எடுத்தாயிற்று. திரும்ப உத்தரவு வரும்வரை டெண்டர் ரூமில் பக்க எண் பார்க்க வேண்டும். துண்டு சார் ஹாலுக்குத் திரும்பலாம். அவருக்கு விஷயத்தைச் சொல்லும்படி பாலத்தக்காவிடமே சொன்னார்கள்.

வராந்தா முழுக்க ஈரக் குடைகள் விரிந்து கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போனாள். டெண்டர் ரூமில் அவர் ஒரு கட்டுக் காகிதத்தை நிமிர்த்தி, மேஜையில் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் அந்த அறையையும் துடைத்துவிட்டிருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

"ஹால்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார். எல்லாரும் இருந்தாங்க."

"சரி" என்றார். காகிதக் கட்டை ஓரமாக வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

"ஹால்ல இருக்கறவங்க சிரிச்சதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் சீக்கிரம் வந்து பிடிச்சு வச்சுக்கறவன்தான். எனக்குக் கை மெதுவு, நடுவுல விட்டா மறுபடி கிடைக்காது. அவங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். இந்த மாதிரி ரெண்டு சாவி வச்சிருந்தேன்னு இடம் மாத்திட்டாங்கன்னு. நான் அப்படிச் செய்யலன்னு அவ சொல்லுவான்னு பாத்தேன். 'உங்களுக்குத்தான் எதையும் விட மனசு வராதே'ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா, காய் நறுக்கிக்கிட்டே. இவ்வளவு வருஷம் கூட இருக்கறவ. அவளும் நம்பிட்டா."

ஹாலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை, தான் பார்த்தேயிராத ஒரு வீட்டின் சமையலறைவரை போயிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அவங்களுக்குப் போன் போட்டுக் குடுங்க சார்" என்றாள்.

"வேணாம், நானே சொல்லிக்கறேன்."

"நீங்க சொன்னா, உங்களைக் காப்பாத்திக்கச் சொல்றீங்கன்னு நினைப்பாங்க. நான் சொல்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்து, போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பின்னால் குழாய்த் தண்ணீர்ச் சத்தம். பாலத்தக்கா தான் யார் என்று சொன்னாள். அப்புறம் நான்காவது முறையாக அன்றைக்கு அதையே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் ஒண்ணுதாம்மா எடுத்தாரு. நான் தப்பாச் சொல்லிட்டேன். அவர் அப்பவே எல்லார் முன்னாடியும் ஒண்ணுதான்னு சொன்னாரு, நாங்க யாரும் கேக்கல."

குழாய் நின்றது.

"நானும் கேக்கலம்மா" என்றார் அந்த அம்மா. "பக்கத்துல இருக்காரா? அவர்கிட்டக் குடுங்க."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். "ம்" என்றார். "சாப்பிட்டேன்" என்றார். "இல்ல, கோபமெல்லாம் இல்ல" என்றார். அப்புறம், ரொம்பத் தயங்கி, "இருந்துச்சு" என்றார்.

பாலத்தக்கா சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே கணவர் வந்துகொண்டிருந்தார். சைட்டுக்குப் போகாததால் அன்று பூட்ஸ் சுத்தமாக இருந்தது. கையில் தன் டப்பாவும் பேனாவும்.

"உள்ள போகலாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. அவர் வீட்ல பேசிக்கிட்டிருக்காரு."

அவர் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே இருந்தவர் பேசி முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.